நாற்பது நாள் கெடாத எண்ணெய்

அந்த ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் துரு மேடம் எட்டுப் பேருக்கு நன்றி சொல்லியிருந்தார். நூலகருக்கு நன்றி. தராசைப் பழுது பார்த்தவருக்கு நன்றி. கரண்ட் போனபோது ஜெனரேட்டரை ஓட்டிய காவலாளிக்கு நன்றி. அந்த ஆள் மொத்தம் இரண்டு தடவைதான் ஜெனரேட்டர் பக்கமே போனான்; அதில் ஒரு தடவை டீசல் இல்லை. அவனுக்கெல்லாம் நன்றி. பதினோரு வருஷம் அவர் அறையில் குடுவை கழுவி, எண்ணெய் வடித்து, அந்த நாற்றத்தை வீடுவரை சுமந்துபோய்ப் பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட என் பெயர் மட்டும் இல்லை. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். என் பெயர் இல்லை என்று கண்டுபிடிக்க அதுவே போதுமாக இருந்தது.

பதினெட்டு வருஷம் இதை மனசுக்குள் வைத்துப் புகைந்துகொண்டிருந்தேன். போன மாதம் மேடம் இறந்துபோனார். ஊழியர் சங்க மலருக்கு அவரைப் பற்றி யாராவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். படித்தவர்கள் எல்லாரும் வேலையாக இருக்கிறார்களாம். அதனால் எட்டாவதோடு நின்றவன் எழுதுகிறேன்.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் கொழுப்பு, எண்ணெய் பார்க்கிற பகுதி ஒன்று உண்டு. கட்டடத்தின் பின்பக்கம், கழிவறைக்கு அடுத்து. நாற்றம் எதிலிருந்து வருகிறது என்று யாரும் சண்டை போடாமலிருக்க அங்கே வைத்தார்களோ என்னவோ. அதில்தான் மேடம் இருந்தார். "இரும்பு மாதிரிதான் கொழுப்பும். காத்துப் பட்டா துருப்பிடிக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அவருக்கே துரு என்று பெயர் விழுந்துவிட்டது. அவருக்கும் அது தெரியும். போனை எடுத்தால் "துருதான் பேசறேன், சொல்லுங்க" என்பார்.

ஒல்லியான உடம்பு. நிரம்பிய குடுவையைக் கையில் வைத்திருப்பதுபோல நடப்பார், வெறுங்கையோடு போகும்போதும் அப்படித்தான். யாரைப் பார்த்தாலும் வணக்கத்துக்கு முன்னால் மூக்குதான் வேலை செய்யும். டீ குடிக்கிற அறையில் ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் போதும், குனிந்து ஒரு மோப்பம் பிடித்து, "இது போன மாசமே செத்துப்போச்சு" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு எவனுக்குத் தொண்டையில் இறங்கும்? அவர் வருகிற சத்தம் கேட்டால் ஆட்கள் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போவார்கள். ஆனால் அவர் வீட்டுச் சமையலறையில் எண்ணெய் எப்போதும் காறிப்போய்த்தான் இருந்தது. அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணன் தையல்காரர். ஒரு தடவை தைக்கக் கொடுத்த பேண்ட்டை வாங்கப் போனபோது என்னிடம் சொன்னார்:

"எண்ணெய் கெடாம இருக்க வழி கண்டுபிடிக்க பதினாலு வருஷமா படிக்கிறா. நான் ஒரு வழி சொல்றேன், கேக்க மாட்டேங்கறா."

"என்ன வழிண்ணே?"

"சீக்கிரம் தின்னு தீர்த்துடணும்."

மேடம் உள்ளேயிருந்து, "அண்ணா, அதை எழுதிக் குடு, உன் பேரையும் சேர்த்துப் போடறேன்" என்றார். நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும், அவர் யார் பேரை எங்கே போடுகிறார் என்று.

பதினாலு வருஷமும் அவர் தற்காலிகம்தான். வருஷம் ஒரு தரம் ஒரு கடிதம் வரும், இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம் என்று. அது வருகிற வாரம் மட்டும் அவர் யாருடைய பிஸ்கட்டையும் மோந்து பார்க்க மாட்டார்.

அவர் பிடித்துக்கொண்ட வேலைதான் விசேஷம். எண்ணெய் வியாபாரம் செய்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான், எண்ணெயில் உலோகம் படக்கூடாது என்று. செம்போ இரும்போ கண்ணுக்குத் தெரியாத அளவு கலந்தாலும் எண்ணெய் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். மேடமோ உலோகத்தைப் போட்டுத்தான் எண்ணெயைக் காப்பாற்றப் போகிறேன் என்று நின்றார்.

"மேடம், செம்புப் பாத்திரத்துல எண்ணெய் வைக்காதேன்னு எங்க அத்தைக்கே தெரியும். நீங்க இவ்ளோ படிச்சிட்டு..."

"அவுத்து விட்டாதான் தம்பி அது திருடன். நாலு பக்கமும் கட்டி நடுவுல உக்கார வச்சா அதே காவக்காரன்."

"நம்ம வாசல்ல இருக்கிறாரே, அந்த மாதிரியா?"

"அவரை விட முழிச்சிக்கிட்டு இருப்பான்."

நம் உடம்புக்குள்ளேயே அப்படி ஒன்று இருக்கிறதாம். பெரிய உருண்டை ஒன்றின் நடுவில் துளி உலோகம் உட்கார்ந்துகொண்டு, கொழுப்பைக் கெடுக்க வருகிற பொல்லாத ஆக்சிஜனைப் பிடித்து அடக்குமாம். அந்தப் பெரிய உருண்டையைச் செய்ய முடியாது, அதனால் சின்னதாக ஒரு போலி செய்கிறேன் என்றார். நடுவில் மாங்கனீசு, சுற்றிலும் கட்டு. பார்க்கக் காப்பித்தூள் மாதிரி பழுப்பாக இருக்கும். மூன்று மாதம் கொதிக்கவைத்து வடிகட்டினால் ஒரு ஸ்பூன் தேறும். அந்த ஒரு ஸ்பூனைப் பிள்ளை பெற்றவள் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எனக்கு வந்த வேலை இரண்டு. முதலாவது கழுவுவது. ஒருநாள் கறை போகவில்லையே என்று குடுவைகளைக் கம்பிநாரால் தேய்த்துவிட்டேன். முப்பது குடுவை, கண்ணாடி மாதிரி பளபளத்தது. அது கண்ணாடிதான் என்பது வேறு. மேடம் வந்து பார்த்தார்.

"எதால தேச்ச?"

"கம்பிநார் மேடம். எப்படி மின்னுது பாருங்க."

முப்பதையும் எடுத்து உடைந்த கண்ணாடி போடுகிற தொட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டார். "இரும்பைப் பூசி வச்சிருக்க. இனிமே இதுல எண்ணெய் ஊத்தினா அது மாங்கனீசு செஞ்சதா, உன் கம்பிநார் செஞ்சதான்னு எவன் சொல்லுவான்?" என்றார். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டாவது வேலை எண்ணெய் வடிப்பது. தகரத்தில் வருகிற எண்ணெயில் இயற்கையாகவே கொஞ்சம் காவல் இருக்கும், ஆலைக்காரனும் கொஞ்சம் சேர்த்திருப்பான். அந்தக் காவலையெல்லாம் கழற்றிவிட்டால்தான் மேடத்தின் தூள் தனியாக எவ்வளவு காக்கிறது என்று தெரியும். அதற்கு ஒரு ஆள் உயரக் கண்ணாடிக் குழாய். உள்ளே வெள்ளை மாவு மாதிரி ஒன்றை அடைத்து, வெளியே கறுப்புத் துணி சுற்றி, மேலே எண்ணெயை ஊற்றினால் கீழே சொட்டும். மஞ்சளாகப் போவது தண்ணீர் நிறத்தில் இறங்கும். வெறும் எண்ணெய் என்போம் அதை. ஒரு லிட்டர் இறங்க ஒன்றரை நாள். நடுவில் மேலே எண்ணெய் வற்றக்கூடாது. வற்றினால் மாவு வெடிப்பு விட்டுவிடும், திரும்ப முதலிலிருந்து. அதனால் ஒருத்தன் நாற்காலி போட்டுக்கொண்டு சொட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் ஒரு பிழைப்பு.

பிறகு பாட்டில்களில் ஊற்றி, சூடேற்றும் பெட்டியில் அடுக்கி, காலையும் மாலையும் குலுக்கி, இரண்டு நாளைக்கு ஒரு தரம் சோதிப்போம். சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு நீல நிறம் போகிறதா என்று பார்ப்பது ஒன்று. மோந்து பார்ப்பது ஒன்று. மோந்து பார்க்க ஐந்து பேர் குழு: மேடம், நான், வருஷம் முழுக்கச் சளி பிடித்திருக்கும் கணக்கர், பீடி குடிக்கும் தோட்டக்காரர், அப்புறம் இயக்குநர். இயக்குநர் காதுக்குப் பின்னால், கைக்குட்டையில், சட்டைப் பையில் என்று மூன்று இடத்தில் அத்தர் பூசுகிறவர். அவருக்குப் பெயரே அத்தர்தான். அவர் அறைக்குள் வந்தால் ஆறு மாதம் கெட்ட எண்ணெய்கூடப் பூ மாதிரி மணக்கும். "நல்லாதானே இருக்கு?" என்பார் எல்லா பாட்டிலையும். அறிவியலுக்கு அவர் செய்த சேவை அவ்வளவுதான்.

இப்போது நான் செய்த சேவைக்கு வருகிறேன்.

அந்தத் தடவை பன்னிரண்டு பாட்டில். ஆறில் மேடம் தூளை நிறுத்துப் போட்டு வைத்திருந்தார். ஆறு காலி. பன்னிரண்டிலும் வெறும் எண்ணெயை அளந்து ஊற்றுவது என் வேலை. மேடம் இரண்டு நாள் வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்தார். குழாய் பாதி இறங்கியிருக்கும்போது என் மச்சானிடமிருந்து போன்.

"மாமா, வீடு மாத்தறோம். வண்டி வந்து நிக்குது. பீரோவைத் தூக்க ஆளில்ல."

"டேய், வேலையில இருக்கேன்."

"என்ன வேலை? எண்ணெய் சொட்டறதைப் பாக்கற வேலைதானே? அது தானா சொட்டும் மாமா."

பெண்டாட்டியின் தம்பி. போகாவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்ல வேண்டாம். இறங்கியிருந்த வெறும் எண்ணெய் ஆறு காலி பாட்டிலுக்குத்தான் வந்தது. தூள் போட்ட ஆறுக்கும் தகரத்திலிருந்தே ஊற்றினேன். அதே எண்ணெய்தானே, குழாயில் இறங்கினால் என்ன, மோட்சமா கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். பழுப்புத் தூள் கலந்ததும் மஞ்சள் தெரியவே இல்லை. பீரோ என் கட்டைவிரலை நசுக்கியது. மறுநாள் கட்டோடு வந்தேன். மேடம் பார்த்துவிட்டு, "என்னாச்சு தம்பி?" என்றார். "மச்சான் வீடு மாறினான் மேடம், பீரோ" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

தூள் இல்லாத பாட்டில்கள் ஆறே நாளில் காறிவிட்டன. தூள் போட்டவை பத்து நாள் தாண்டின. இருபது தாண்டின. மேடத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பதாவது நாள் அத்தர் தினமும் வந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். நாற்பதாவது நாள்தான் முதல் வாடை. அத்தர் அன்றைக்கே பிஸ்கட் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார். மேடத்துக்கு நிரந்தரப் பணி ஆணை விழா மேடையிலேயே கொடுக்கப்படும் என்று சுற்றறிக்கை வந்தது. சுவர் அளவுக்கு ஒரு பேனர்: எண்ணெய்த் துளி ஒன்று கேடயம் பிடித்துச் சிரித்துக்கொண்டு, பக்கத்தில் ஆள் உயரத்துக்கு 40.

போய்ச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. ஆனால் யோசித்தேன்: அவருக்கு வேலை கிடைக்கிறது, அத்தருக்கு மாலை கிடைக்கிறது, எனக்கு வேலை போகாமலிருக்கிறது. உண்மையைச் சொல்லி யாருக்கு லாபம்? இப்படி யோசித்தால் எந்தக் களவாணித்தனமும் தர்ம காரியம் மாதிரி ஆகிவிடும்.

மேடம்தான் நிம்மதியாக இல்லை. "மூணு தடவை ஒரே மாதிரி வந்தாதான் அது எண்ணு" என்பார். நடுவில் இரண்டு தடவை, தானே குழாய் முன்னால் உட்கார்ந்து வடித்துச் செய்து பார்த்தார். பதினொரு நாள். மறுபடியும் பதினொரு நாள். ஆறு நாள் பதினொன்று ஆவது சின்ன விஷயமில்லை. ஆனால் நாற்பதைப் பார்த்த கண்ணுக்குப் பதினொன்று எப்படித் தெரியும்?

விழாவுக்கு மூன்று நாள் முன்னால், குளிர்பெட்டியில் மிச்சம் வைத்திருந்த நாற்பது நாள் பாட்டிலை எடுத்துக்கொண்டு நான் கழுவுகிற இடத்துக்கு வந்தார். வாரக்கணக்கில் யாரும் குலுக்காமல் இருந்ததில் தூள் முழுக்க அடியில் தங்கியிருந்தது. மேலே எண்ணெய் தெளிவாக நின்றது.

"தம்பி, இது என்ன கலரு?"

தண்ணீர்க் குழாயை மூடினேன். "மஞ்சள் மேடம்."

"நம்ம வெறும் எண்ணெய் என்ன கலரு?"

"தண்ணி கலரு."

"ம்" என்றார். என் கட்டைவிரலைப் பார்த்தார். நகம் போய்ப் புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாளும் என்னைக் கூப்பிடுவார், திட்டுவார், எழுதிக் கொடுக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். வீட்டில், வேலை போகலாம் என்று பெண்டாட்டியிடம் மெல்ல ஆரம்பித்தேன். "போனா போகட்டும், எண்ணெய் நாத்தமில்லாம தலகாணி உறையாவது மிஞ்சும்" என்றாள்.

விழாவில் எனக்கு டீ கொடுக்கிற வேலை. அத்தர் அரைமணி நேரம் தன்னைப் பற்றிப் பேசிவிட்டு, "நாற்பது நாளைப் பத்தி மேடம் ரெண்டு வார்த்தை" என்றார். மேடம் எழுந்தார். ஆணை வைத்த உறை மேசையில் அவருக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது.

"நாப்பது இல்லை சார். பதினொண்ணு."

"என்ன பதினொண்ணு?"

"நாளு."

பிஸ்கட் கம்பெனிக்காரர் பேனரைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அந்த நாப்பது எங்க போச்சு?"

"அது தகர எண்ணெய் சார். ஒரு பக்கம் காவல் கழட்டின எண்ணெய், இன்னொரு பக்கம் காவலோட இருக்கிற எண்ணெய். ரெண்டையும் பக்கத்துல வச்சு ஓட்டப்பந்தயம் விட்டிருக்கோம். என் தூளு காப்பாத்தினது அஞ்சு நாளுதான்."

அத்தர் சிரிப்பை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு பல்லுக்குள்ளிருந்து கேட்டார்: "யாரு பண்ண வேலை இது?"

நான் கடைசி வரிசைக்குப் பின்னால் தட்டோடு நின்றிருந்தேன். குனிந்து காலிக் கப்புகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"என் அறை சார். என் பேருலயே எழுதிக்கோங்க" என்றார் மேடம். உட்கார்ந்துவிட்டார்.

உறையை அத்தர் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அத்தர் வாசனையையும் மீறி வேறு ஏதோ வாடை அடித்தது என்று தோட்டக்காரர் சொன்னார். பேனர் வீணாகவில்லை, இரண்டு வருஷம் இயக்குநர் காருக்கு மழை மூடியாக இருந்தது. ஆராய்ச்சியை மூடினார்கள். மேடத்தைக் கிடங்குக்கு மாற்றி, பாட்டில்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்ட வைத்தார்கள். மூன்றாவது தடவை செய்து பார்க்கவே விடவில்லை. ஓய்வு வயது வரும்வரை, தற்காலிகமாகவே, சீட்டு ஒட்டினார். எல்லாம் நேராக இருக்கும், அளவுகோல் வைத்தாலும் ஒரு நூல் பிசகாது.

அதே வருஷம் அந்தக் கட்டுரை வந்தது. நான் என் பெயரைத் தேடினேன், இல்லை. என்னால் நிரந்தர வேலையை இழந்த பெண்மணிமேல், என் பெயரைப் போடவில்லை என்று கோபித்துக்கொண்டு பதினெட்டு வருஷம் ஓட்டிவிட்டேன். கிடங்கில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் மட்டும் "என்ன தம்பி, பாட்டில் பளபளங்குதா?" என்பார்.

போன வாரம் நிலையத்தின் இரங்கல் தாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. "நாற்பது நாள் கெடாத எண்ணெயைக் கண்டறிந்த மேதை." உயிரோடிருந்தபோது அந்த எண்ணைச் சொல்லாததற்காகக் கிடங்கில் தள்ளியவர்கள், செத்த பிறகு அதையே மாலையாகப் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நூலகத்துக்குப் போய், அந்தக் கட்டுரையை எடுத்து எனக்குத் தமிழில் சொல்லுங்கள் என்று நூலகரம்மாவிடம் கேட்டேன்.

அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சொன்னார். "முதல்ல அறிவிச்ச நாப்பது நாள் தப்பு... சரியான அளவு பதினொண்ணு... இந்தத் தப்பு எண்ணெய் வடிச்சதுல வந்தது. எண்ணெயை வடிச்சது, பாட்டில்ல ஊத்தினது எல்லாம் கட்டுரையாளர் ஒருத்தரே. வேற யாரும் அதைத் தொடலை."

"பொய்!"

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா. படிங்க."

"அவ்ளோதான். அப்புறம் நன்றி."

நன்றிப் பட்டியலில் என் பெயர் இருந்திருந்தால், இவன் எதற்கு, என்ன செய்தான் என்று அத்தர் அன்றைக்கே கேட்டிருப்பார். எட்டாவது படித்தவனுக்கு இதைக் கண்டுபிடிக்கப் பதினெட்டு வருஷமும் ஒரு நூலகரம்மாவும் தேவைப்பட்டிருக்கிறது.

இதை ஒரு விடுமுறை நாளில், அதே பின்பக்க அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே கறுப்புத் துணி சுற்றிய குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. நேற்றுக் காலையில் ஆரம்பித்தது. நான்கு வரி எழுதுவது, எழுந்து மேலே எண்ணெய் இருக்கிறதா பார்ப்பது, மறுபடி நான்கு வரி. தண்ணீர் நிறத்தில்தான் இறங்குகிறது.

மேடத்தைக் கடைசியாகப் பார்த்தது அவர் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால். தையல்காரரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன், கோபத்தோடுதான். தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்த அறையில் இரும்புக் கட்டிலில் படுத்திருந்தார். பாதி உடம்பாகிவிட்டார். சமையலறையிலிருந்து சிக்கு வாடை வந்தது.

"அண்ணா இன்னும் தின்னு தீர்க்கல" என்றார்.

தலையணைக்கு அடியிலிருந்து சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்தார். அடியில் பழுப்பாக ஒரு சிட்டிகைத் தூள். பெயர்ச்சீட்டு நேராக ஒட்டியிருந்தது.

"இது மிச்சம். மூணு பாட்டிலுக்கு வரும். ரெண்டு தடவைதான் பதினொண்ணு வந்திருக்கு தம்பி. மூணாவது நான் பாக்கல."

"இனிமே எதுக்கு மேடம்? யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. நீ செஞ்சு பாரு. ஒம்பது வந்தா ஒம்பதுன்னு எழுது."

குப்பியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எழுந்தேன். வாசல்வரை வந்தவனைத் திரும்பக் கூப்பிட்டார்.

"தம்பி, கடைசிச் சொட்டு எறங்கற வரைக்கும் குழா பக்கத்துலயே உக்காரு. மச்சான் வீடு மாத்தினாலும் போகாத."